தொட்டியில் சினைவிடும் மட்டிகள்

கனடாவிலும் பிரித்தானியாவிலும் வாழ்கின்ற என் உறவினர், நண்பர்கள் சிலர் வீட்டு வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கின்றார்கள். நன்னீரில் தங்கமீன் வளர்ப்பதைப் போன்றதன்று இது. பவளப்பாறையின் ஒரு மூலையைப் பெயர்த்துவந்து கூடத்தில் வைத்தது போன்ற ஏற்பாடு. உப்பின் அளவு, வெப்பம், ஒளி, நீரோட்டம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி. இத்தகைய தொட்டிகளுக்கு அழகு சேர்ப்பதற்கென்று பலரும் விரும்பி வாங்குவது இராட்சத மட்டிக் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய மட்டிகளை. இடைக்கிடை இவர்களிடமிருந்து ஒரு செய்தி வரும்: “எங்கட மட்டி சினை விட்டிருக்கு!” வீட்டுப் பசு கன்று ஈன்ற பூரிப்போடு சொல்லப்படுகின்ற செய்தி. கூடவே நிழற்படங்களும் வரும்.

இதற்கு வாழ்த்துச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தொட்டிக்குள் மட்டி சினைவிடுவது ஓர் அவசரநிலை. அதனை இனப்பெருக்க வெற்றி என்றும், அதற்கும் ஒருபடி மேலே போய் இயற்கைப் பாதுகாப்பு என்றும் கொண்டாடுவது தவறான எண்ணம் என்பதே எனது கருத்து. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

நம்மூரில் அறிவு மந்தமானவனை ‘மட்டி’ என்று ஏசுவார்கள். அந்தப் பெயரைச் சுமக்கின்ற பிராணியின் வாழ்க்கையோ வியக்கத்தக்கது. இராட்சத மட்டிகளின் சதை மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்துத் தமக்கு இடங்கொடுத்த மட்டிக்கும் பங்கு கொடுக்கின்றன. நீலமும் பச்சையும் ஊதாவுமாக அம்மடல் மின்னுவதைக் கண்டுதான் நம்மவர்கள் பணத்தைக் கொட்டுகின்றார்கள். இக்குடும்பத்தின் மூத்தது திரைடக்னா கைகாஸ். ஒரு மீற்றருக்கு மேல் நீளமும் 200 கிலோகிராமுக்கு மேல் நிறையும் கொண்டதாக வளரக்கூடியது. வீட்டுத் தொட்டிகளுக்கு வருபவை பெரும்பாலும் மக்சிமா, குரோசியா, டெராசா, ஸ்குவாமோசா ஆகிய சிறிய இனங்கள்.

இவை பிறக்கும்போது ஆணுமல்ல, பெண்ணுமல்ல. முதலில் ஆணாக முதிர்கின்றன. மேலும் வளர்ந்த பின்னர் ஒரே உடலில் ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கின்றன. சினைவிடுங்காலத்தில் ஓடுகளைச் சடாரென்று மூடித் திறந்து, நீரை வெளியேற்றும் துளையினூடாக முதலில் விந்தைப் பீய்ச்சுகின்றன. முட்டைகள் அதன் பின்னரே வெளிவருகின்றன. தன் விந்து தன் முட்டையுடன் சேராதிருப்பதற்கான இயற்கையின் ஒழுங்கு இது. பக்கத்து மட்டியின் சினை நீரில் கலந்துவிட்டால் அதனை உணர்ந்து மற்ற மட்டியும் தொடங்கிவிடும். பெரிய கைகாஸ் ஒன்று ஒரே தடவையில் கோடிக்கணக்கான முட்டைகளை வெளியேற்றும். ஒவ்வொரு முட்டையும் மில்லிமீற்றரில் ஏறக்குறைய பத்திலொரு பங்கு.

கடலில் இவ்வளவும் ஒரு வெண்புகை போலக் கலைந்துபோகும். ஐந்நூறு லீற்றர் கண்ணாடிப் பெட்டிக்குள் அது எங்கே போகும்?

2022ஆம் ஆண்டு யூலை 19ஆம் திகதி பிரித்தானியாவில் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டியது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். இலண்டன் புறநகரில் வாழ்கின்ற என் மைத்துனரின் தொட்டியும் அன்று சூடேறியது. திடீர் வெப்ப உயர்வு மட்டிகளைச் சினைவிடத் தூண்டும் காரணங்களுள் ஒன்று. மாலையில் அவருடைய மூன்று மக்சிமா மட்டிகளில் ஒன்று பீய்ச்சத் தொடங்க, மற்ற இரண்டும் தொடர்ந்தன. கால் மணி நேரத்துக்குள் தொட்டி கஞ்சித் தண்ணீராயிற்று. மனிதர் அதனை ஒளிப்பதிவு செய்து உலகெங்கும் உள்ள உறவினர்களுக்கு அனுப்பிவிட்டு நித்திரைக்குப் போய்விட்டார். விடிந்தபோது இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. மற்றவை நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஆறு வருடமாக வளர்த்த பவளங்கள் சுருங்கிக் கிடந்தன.

நடந்தது இதுதான். விந்தும் முட்டையும் புரதமும் கொழுப்புமான பண்டங்கள். அவை அழுகத் தொடங்கியதும் நுண்ணங்கிகள் பெருகி நீரிலுள்ள ஒட்சிசனைத் தீர்த்துவிடுகின்றன. அமோனியா ஏறுகின்றது. வெப்பமான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும் என்பதால் வெக்கை நாளில் இந்த ஆபத்து இரட்டிப்பாகின்றது. பெரிய தொட்டியும் நல்ல வடிகட்டியும் இருந்தால் பல வேளைகளில் சேதமின்றித் தப்பிவிடலாம் என்பதும் உண்மை. ஆனால் தப்பியவர்களின் கதைகளே அதிகம் பேசப்படுகின்றன. அதனால்தான் புதியவர்கள் அலட்சியமாக இருக்கின்றார்கள்.

ஆகவே வெண்புகையைக் கண்டவுடன் செய்யவேண்டியவற்றை, அனுபவமுள்ளவர்களிடம் கேட்டறிந்தபடி இங்கே தருகின்றேன். சினைவிடும் மட்டி மணலிலோ சிறு கல்லிலோ இருந்தால், தொட்டியின் நீரையே ஒரு வாளியில் எடுத்து, காற்றுக் குழாயையும் போட்டு, மட்டியை அதற்குள் மாற்றிவிடவேண்டும். மிச்சத்தை அது அங்கேயே விடட்டும். கல்லோடு ஒட்டியிருந்தால் கல்லையும் சேர்த்தே தூக்கவேண்டும். ஒருபோதும் மட்டியைப் பிடித்து இழுக்கக்கூடாது. மக்சிமாவும் குரோசியாவும் நூலிழைகளால் பாறையைப் பற்றிக்கொண்டிருப்பவை. அவ்விழை புறப்படும் இடம் கிழிந்தால் மட்டி பிழைப்பது அரிது. தூக்கவே முடியாத பாறையென்றால் மட்டியை விட்டுவிட்டு நீரைக் கவனிப்பதே வழி.

நீரைக் கவனிப்பதென்றால், முதலில் காற்று. மேற்பரப்பு நன்றாகக் குலுங்கும்படி பம்பியைத் திருப்பிவிடவேண்டும். ஸ்கிம்மர் என்ற நுரை அகற்றும் கருவி பொங்கி வழியும். அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுகின்றவர்கள் உண்டு. நிறுத்தாமல், கோப்பையை அடிக்கடி வெறுமையாக்கிக்கொண்டு ஓடவிடவேண்டும். வடிகட்டும் துணிப்பைகள் விரைவில் அடைத்துக்கொள்ளும் என்பதால் மாற்றுப் பைகள் தேவை. வடிகட்டிக்குப் புதுக் கரி போடவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, தொட்டியின் மூன்றிலொரு பங்கையோ பாதியையோ புதிய கடல்நீரால் மாற்றுவது. செயற்கைக் கடலுப்பைக் கரைத்து, வெப்பமும் உப்பும் ஒத்துவரச் செய்வதற்குப் பல மணி நேரம் எடுக்கும். இரவு பத்து மணிக்கு உப்பு மூட்டையைத் தேடி ஓடிப் பயனில்லை. மட்டி வளர்க்கின்ற வீட்டில் கரைத்த கடல்நீர் ஒரு பீப்பாயில் எந்நேரமும் இருக்கவேண்டும். அடுத்த சில நாட்களுக்கு அமோனியாவை நாள்தோறும் அளந்து பார்க்கவேண்டும்.

இதனையெல்லாம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். “கோடிக்கணக்கான உயிரைக் கொண்டுபோய்ச் சாக்கடையில ஊத்திறது பாவமில்லையோ?” மரக்கறி மட்டுமே உண்கின்ற வீட்டில் வளர்ந்தவளின் கேள்வியை இலகுவாகத் தள்ளிவிட முடியாது. எனது பதில், அவற்றில் பெரும்பாலானவை உயிராகவே ஆகாதவை என்பது. கருக்கட்டியவையும் தொட்டியில் பிழைக்கா. கரு ஒரு நாளுக்குள் நீந்தும் குடம்பியாகி, ஏறத்தாழ இரண்டு நாட்களில் மெல்லிய ஓடு பூண்டு, ஒரு வாரமோ பத்து நாட்களோ மிதந்து திரிந்த பின்பே தரையில் அமர்கின்றது. அதன் பிறகு நீரிலிருந்து அல்காக்களைத் தேடிப் பெறவேண்டும். பம்பியும் வடிகட்டியும் பவளங்களின் வாயும் காத்திருக்கின்ற தொட்டியில் இது நடக்காது.

கடலிலும் பெரும்பகுதி அழியத்தான் அழிகின்றது. மன்னார்க் கடலில் முத்துச்சிப்பிகள் வாழ்கின்ற பார்களை 1902இல் ஆராய வந்த பேராசிரியர் ஹேர்ட்மன், பெரிய பார் என்னும் இடத்தில் பலமுறை இளஞ்சிப்பிகள் ஏராளமாக வந்து படிந்தும், அவை வளர்ந்து குளிப்புக்கு உதவாமலே அழிந்துபோனதை எடுத்துக்காட்டினார். அரசாங்கத்துக்கு அது நட்டம். கடலுக்கு அது வழமை. ஒரு பாரில் அழிந்தாலும் இன்னொரு பாரில் தப்பிக்கொள்ளும். இழப்பதற்கு இடமுள்ளதால்தான் கடல் அள்ளி இறைக்கின்றது. கண்ணாடிப் பெட்டிக்கு அந்த வசதி இல்லை.

இனி, பாதுகாப்பு என்ற பேச்சுக்கு வருவோம். பசுபிக் பவளப்பாறைகளில் இராட்சத மட்டிகள் அருகிப்போனதற்குக் காரணம் அவை சினைவிடாமையன்று. தசைக்காகவும் ஓட்டுக்காகவும் மனிதர் அவற்றை அகழ்ந்தெடுத்தமையே காரணம். தென்சீனக் கடலில் படகின் உந்துவிசிறியால் பாறையையே கிளறி மட்டி ஓடு எடுத்ததை 2016இல் ஹேக் நகரில் அளிக்கப்பட்ட நடுவர் மன்றத் தீர்ப்பும் கண்டித்தது. எஞ்சிய மட்டிகள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருக்கின்றன. ஒன்றின் விந்து மற்றதன் முட்டையை அடையுமுன் நீரில் கரைந்துவிடுகின்றது. தொட்டியில் நெருக்கத்தால் கெடுவது கடலில் தூரத்தால் கெடுகின்றது. 2024இல் கைகாஸ் இனம் மிக ஆபத்தான நிலையில் உள்ளவற்றின் பட்டியலுக்கு மாற்றப்பட்டது.

இதற்கு உருப்படியாக எதையாவது செய்தவர்கள் தீவுகளில் குஞ்சு பொரிப்பகம் நடத்தியவர்களே. 1980களில் பலாவுத் தீவில் ஜெரால்ட் ஹெஸ்லிங்கா தலைமையில் மட்டிகளைப் பெருமளவில் வளர்த்துக் காட்டினார்கள். செரட்டோனின் என்ற இரசாயனத்தை ஊசியால் ஏற்றிச் சினைவிடச் செய்யலாம் என்பதை 1985இல் பிரேலி என்ற ஆய்வாளர் எழுதினார். சொலமன் தீவுகளில் ஹொனியாராவுக்கு அண்மையில் இயங்கிய இன்னொரு நிலையம் 1990களின் முடிவில் அங்கு மூண்ட இனமோதலில் கைவிடப்பட்டது. இனமோதல் எதையெல்லாம் தின்னும் என்று நமக்கு எவரும் சொல்லித்தரவேண்டியதில்லை. மனந்தளராமல் அவர்கள் வேறொரு தீவில் பணியைத் தொடர்ந்தார்கள். இத்தனை ஆயத்தங்களுள்ள நிலையங்களிலேகூட முட்டைகளில் மிகச் சிறு பங்கே குஞ்சாகித் தப்புகின்றது.

ஆகவே தொட்டிக்காரர் மட்டி இனத்துக்கு உதவ விரும்பினால் அதைச் செய்யும் இடம் கடைதான். 1985 முதல் இக்குடும்பம் முழுவதும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றது. பொரிப்பகத்தில் வளர்த்ததா, பாறையிலிருந்து பெயர்த்ததா என்று கேட்கவேண்டும். பத்திரத்தைக் காட்டச் சொல்லவேண்டும். சிறு தொட்டியில் மூன்று, நான்கு மட்டிகளை அடுக்கக்கூடாது. ஊசி போட்டும் சூடேற்றியும் சினைவிடச் செய்து பார்க்கின்ற விளையாட்டு வேண்டவே வேண்டாம். தனித் தொட்டியும், குடம்பிக்கு உணவான அல்காவும், மாதக்கணக்கான பொறுமையும் கொண்டு குஞ்சு வளர்க்க முனைகின்ற சிலரை நான் மதிக்கின்றேன். அவர்கள் வரவேற்பறை அலங்காரத்துக்காக மட்டி வாங்கியவர்கள் அல்லர்.

கழிவு நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்குள் போகட்டும். கொழும்பிலோ திருகோணமலையிலோ தொட்டி வைத்திருப்பவர் “கடலின் பொருள் கடலுக்கே” என்று கரையில் கொண்டுபோய் ஊற்றக்கூடாது. வேறு கடலிலிருந்து வந்த மட்டியின் சினையும், அதனுடன் வந்த நோயும் ஒட்டுண்ணியும் நம் கரையோரப் பாறைகளுக்கு வேண்டியதில்லை.

மைத்துனரின் மட்டிகள் மூன்றும் பிழைத்துக்கொண்டன. பவளங்களில் பாதி போய்விட்டது. மட்டிகளை விற்ற கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, “ஓம், கோடையில் அப்படி நடப்பதுண்டு” என்றாராம். நடப்பதுண்டு என்று அறிந்தவர், விற்கும்போதே அதனை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். கண்ணாடிப் பெட்டிக்கும் விளக்குக்கும் இத்தனை பக்கங்களில் கையேடு தருகின்ற கடைகள், உயிருள்ள பண்டத்துக்கு ஒரு பக்கமாவது தரவேண்டும் என்று வாங்குகின்றவர்கள் கேட்கவேண்டும்.