வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்



மனை வாங்கப் போனால் பட்டா பார்க்கிறோம், முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், ஈசானிய மூலை எப்படி என்று வாஸ்துக்காரரையும் கேட்டுவிடுகிறோம். அந்த மண்ணில் முன்பு என்ன ஆலை ஓடியது, அதன் கழிவு எந்தப் பள்ளத்தில் போனது என்று மட்டும் கேட்பதில்லை. மூடிய ஆலைகளின் நிலம் ஒவ்வொன்றாக மனைப்பிரிவாக மாறிவரும் காலம் இது. அதனால் இந்த மாதம் மண்ணைப் பற்றிப் பேசலாம்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை இருபது ஆண்டு போல ஓடியது. தோல் பதனிடும் தொழிலுக்கான குரோமிய உப்பு அங்கே தயாரானது. குரோமியத் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்துச் சூளையில் வறுப்பார்கள். பிறகு தண்ணீர் விட்டு வேண்டிய உப்பைக் கரைத்து எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சிய சக்கையை அங்கேயே குவித்தார்கள். 1990களின் நடுவில் ஆலையை மூடியபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் சக்கை வெட்டவெளியில் நின்றது. மழை பெய்தால் மேட்டின் அடியிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் கசியும். வெயில் ஏறியதும் அந்த இடத்தில் மஞ்சள் பொருக்கு கட்டிவிடும். தண்ணீரில் சுலபமாகக் கரைந்து நகரும் குரோமியம் அது. புற்றுநோய் தரும் வகையும் அதுதான். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்கிறது நம் நாட்டுத் தரம். சுற்றுப்புறத்து நிலத்தடி நீர் எப்படி ஆகியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆய்வறிக்கைகள் வந்தன, பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு வந்தது. வருடங்கள்தான் ஓடின.

இதே சக்கை அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியிலும் இருந்தது. அங்கே குரோமிய ஆலை 1954 வரை ஓடியது. ஹேக்கன்சாக் ஆற்றங்கரையில் 34 ஏக்கரில் அதன் கழிவைக் கொட்டி நிரப்பினார்கள். சுற்றிலும் குடியிருந்தவர்கள் வசதியில்லாதவர்கள். அந்த ஆலைக்கான பொறுப்பு கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஹனிவெல் நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. மேலே தார்ப்பூச்சு போட்டு மூடினால் போதும் என்றது நிறுவனம். ஆனால் இந்தச் சக்கைக்கு ஒரு குணம் உண்டு: உள்ளுக்குள்ளேயே உப்பிக் கிளம்பும், மேலே போட்ட பூச்சு வெடித்துவிடும். அந்த வட்டாரத்து மத அமைப்புகளின் கூட்டமைப்பும் குடியிருப்பவர்களும் வழக்குப் போட்டார்கள். மூடுவதெல்லாம் சரிப்படாது, முழுக்கத் தோண்டி எடு என்று 2003இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. பத்து லட்சம் டன்னுக்கு மேல் தோண்டி வெளியேற்றினார்கள். பிறகு நகராட்சியே நிலத்தை வாங்கியது. அங்கே வரும் வீடுகளில் 35 சதவீதம் குறைந்த வருமானக்காரர்களுக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தோண்டிய மண் வேறெங்கோ ஒரு கிடங்குக்குத்தான் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நஞ்சு மாயமாய் மறைவதில்லை. ஆனாலும் குழந்தைகள் விளையாடும் இடத்தில் கிடப்பதற்கு, காவலும் கணக்கும் உள்ள கிடங்கில் கிடப்பது மேல்.

நம் ஊரிலும் இப்போது ஒரு வழி திறந்திருக்கிறது. மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை வெளியிட்டது. சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாவட்ட அளவில் தயாரித்துக் கொடுக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. கெடுத்தவர் யாரோ அவரே செலவை ஏற்க வேண்டும். அவர் அகப்படாவிட்டால் அரசுகள் ஏற்க வேண்டும். விதிகளில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது: சுத்தம் செய்து முடிக்க இறுதிக் கெடு எதுவும் வைக்கவில்லை. நாடு முழுவதும் 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டு, ஏழில் மட்டுமே வேலை தொடங்கியிருந்த நிலையில் வந்த விதிகளில் இப்படியொரு ஓட்டை இருப்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

ஆய்வு என்றதும் பெரிய பெரிய கருவிகள்தான் நினைவுக்கு வரும். துளை போட்டு, ஆழத்துக்கு ஆழம் மண்ணெடுத்து, கிணற்று நீரையும் சோதிப்பது பிறகுதான். எங்கே துளை போடுவது என்று முதலில் தெரிய வேண்டுமே! அது அந்த ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவருக்குத் தெரியும். எந்தக் குட்டையைத் தூர்த்தார்கள், ராத்திரி லாரி எந்தப் பக்கம் போனது என்று அவர் கை நீட்டிக் காட்டுவார். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

உங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் ஆலை இருந்தால், அது மாவட்டப் பட்டியலில் இருக்கிறதா என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் கிராம சபையிலோ நகராட்சியிலோ மனுக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். மனுவின் நகலை எங்களுக்கும் அனுப்புங்கள். என்ன பதில் வந்தது என்பதையும் சேர்த்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்