நாக்கு ஒட்டும் உதட்டு ஒட்டும்: வெட்டுவதற்கு முன் பெற்றோர் அறிய வேண்டியவை

பிறந்து சில நாள்களே ஆன குழந்தை மார்பில் சரியாகப் பொருந்தாமல் அழுகிறது. தாய்க்கோ ஒவ்வொரு முறை பாலூட்டும்போதும் காம்பில் தாங்க இயலாத வலி. அந்நேரத்தில் வீட்டுக்கு வந்தவரோ கைப்பேசியில் கண்ட காணொளியோ, “நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் சரியாகிவிடும்” என்று சொல்லும்போது பெற்றோர் அதை நம்ப விழைவது இயல்பே. சில குழந்தைகளுக்கு அந்தச் சிறு அறுவை உண்மையிலேயே உதவுகிறது. ஆயினும் அது தேவைப்படாத குழந்தைகள் பலருக்கும் அது செய்யப்படுவதாக மருத்துவ உலகில் இப்போது கவலை எழுந்துள்ளது. உங்கள் குழந்தை இவ்விரு பிரிவுகளுள் எதனைச் சேர்ந்தது என்பதை மருத்துவருடன் கலந்து முடிவு செய்ய இப்பக்கம் உங்களுக்குத் துணைபுரியும்.

நாக்கு ஒட்டு என்றால் என்ன?

நாக்கை மேலே தூக்கிப் பார்த்தால், அதன் அடிப்பகுதியை வாயின் தளத்தோடு இணைக்கும் மெல்லிய சவ்வு மடிப்பு தெரியும். இது எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு இது குட்டையாகவோ தடித்தோ நாக்கின் நுனிக்கு மிக அருகில் அமைந்தோ இருந்து நாக்கின் அசைவைக் கட்டுப்படுத்துகிறது. இந்நிலையே நாக்கு ஒட்டு எனப்படுகிறது. மருத்துவர்கள் இதனை ‘டங் டை’ என்றும் ‘ஆங்கிலோகுளோசியா’ என்றும் குறிப்பிடுவர்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2021ஆம் ஆண்டு வெளியான மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 100 குழந்தைகளுள் 8 பேருக்கு இது காணப்படுகிறது. சவ்வு இருப்பதும் அதனால் தொல்லை விளைவதும் வெவ்வேறு. நாக்கு ஒட்டு உள்ள குழந்தைகளுள் பாதிக்கும் குறைவானவர்களுக்கே தாய்ப்பால் குடிப்பதில் இடர்ப்பாடு ஏற்படுவதாக அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2024ஆம் ஆண்டு அறிக்கையில் தெரிவித்துள்ளது.

எண்ணிக்கை ஏன் உயர்ந்தது?

அமெரிக்காவில் மருத்துவமனைகளில் உள்நோயாளிகளாக இருந்த குழந்தைகளின் பதிவுகளைக் கொண்டு மதிப்பிட்டதில், நாக்கு ஒட்டு எனக் கண்டறியப்பட்டோர் 1997இல் 3,934 பேராக இருந்து 2012இல் 32,837 பேராக உயர்ந்தனர். சவ்வை வெட்டும் சிகிச்சை இதே காலத்தில் 1,279 என்ற அளவிலிருந்து 12,406 ஆகியது. பதினைந்து ஆண்டுகளில் குழந்தைகளின் நாக்கு அமைப்பு இவ்வாறு மாறியிருக்க வாய்ப்பில்லை. மாறியது நாம் பார்க்கும் முறையே.

இதற்குக் காரணங்கள் பல. தாய்ப்பாலூட்டல் மீண்டும் ஊக்குவிக்கப்பட்டதால் அதிலுள்ள இடர்ப்பாடுகளும் மிகுதியாகக் கவனத்துக்கு வந்தன; இது நல்ல மாற்றம். ஆனால் பாலூட்டும் தாயின் அருகில் அமர்ந்து பொறுமையுடன் உதவுவதற்குப் பயிற்சி பெற்றவர்கள் போதிய அளவில் இல்லை. எது நாக்கு ஒட்டு என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே வரையறையும் இல்லை. வெளியே தெரியாமல் பின்புறம் இருப்பதாகச் சொல்லப்படும் ஒட்டுகளும் கணக்கில் சேர்ந்தன. லேசர் கருவிகளின் பெருக்கமும் சமூக ஊடகப் பரப்புரையும் எஞ்சியதைச் செய்தன.

கவனமாக மதிப்பிட்டால் நிலைமை எவ்வாறு மாறும் என்பதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. நியூசிலாந்தின் கேன்டர்பரி பகுதியில் 2015ஆம் ஆண்டு 11.3 விழுக்காடு குழந்தைகளுக்குச் சவ்வு வெட்டப்பட்டது. பாலூட்டல் ஆதரவையும் ஒரே சீரான மதிப்பீட்டு முறையையும் நடைமுறைப்படுத்தியபின், 2017ஆம் ஆண்டின் நடுவில் அது 3.5 விழுக்காடாகக் குறைந்தது. இதனால் தாய்ப்பாலூட்டும் விகிதம் பாதிக்கப்பட்டதாகக் காணப்படவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அறுவைக்காக அனுப்பப்பட்ட 115 பச்சிளங்குழந்தைகளை, பல்துறை வல்லுநர் குழு முழுமையாக மதிப்பிட்டது. அவர்களுள் 62.6 விழுக்காட்டினருக்கு அறுவை செய்யப்படவில்லை.

பால் குடிப்பதில் என்ன நிகழ்கிறது?

குழந்தை பால் குடிக்கும்போது நாக்கைக் கீழ் ஈறுக்கு மேலாக நீட்டி, மார்பைக் குழிவாகத் தாங்கிக்கொள்கிறது. பின் நாக்கின் நடுப்பகுதியைக் கீழே இறக்க, வாய்க்குள் உறிஞ்சு விசை உண்டாகிப் பால் வருகிறது. சவ்வு இந்த அசைவைத் தடுத்தால், குழந்தை ஈறுகளால் காம்பை மெல்லத் தொடங்கும். தாய்க்கு வலியும் வெடிப்பும் உண்டாகும், குழந்தை நெடுநேரம் குடித்தும் நிறைவடையாது, எடை ஏறாது, பால் முழுமையாக வெளியேறாததால் சுரப்பும் குறையலாம்.

ஆனால் குழந்தையை அணைக்கும் நிலை சரியில்லாதபோதும், பால் கட்டிக்கொள்ளும்போதும், குறைமாதக் குழந்தைக்கு உறிஞ்சும் வலிமை இல்லாதபோதும் இதே அறிகுறிகள் தோன்றும். எனவே முதலில் கீழ்க்கண்டவற்றைச் சரிபாருங்கள்:

• குழந்தையின் வாய் அகலத் திறந்து, தாடை மார்பைத் தொட்டு, கீழுதடு வெளிப்புறம் மடிந்துள்ளதா?
• காம்பு மட்டுமன்றி அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் உள்ளதா?
• ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கிறதா?
• ஐந்தாம் நாளுக்குப் பின் நாளொன்றுக்கு 6 முறையேனும் சிறுநீர் கழிக்கிறதா?
• இரண்டு வாரங்களுக்குள் பிறந்தபோதிருந்த எடையை மீண்டும் எட்டியுள்ளதா?

இவை யாவும் நன்றாக இருப்பின், சவ்வு கண்ணுக்குத் தெரிந்தாலும் சிகிச்சை தேவையில்லை. இடர்ப்பாடு இருப்பின், பாலூட்டுவதைப் பயிற்சி பெற்ற செவிலியரோ மருத்துவரோ நேரில் பார்க்க வேண்டும். குழந்தை பால் குடிப்பதைப் பார்க்காமல், வாயை மட்டும் திறந்து பார்த்தோ புகைப்படத்தைக் கொண்டோ அறுவை தேவை என்று சொல்லப்பட்டால், மற்றொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள். அதுவரை பாலைப் பீய்ச்சித் தூய்மையான பாலாடையில் புகட்டலாம். இதனால் குழந்தையின் எடையும் தாயின் சுரப்பும் காக்கப்படும்.

வெட்டும் சிகிச்சை: பயனும் இடரும்

மருத்துவர் நுண்ணுயிர் நீக்கிய கத்தரிக்கோலால் சவ்வைச் சிறிதளவு வெட்டுவார். இது சில நொடிகளில் முடிந்துவிடும். உடனே தாய்ப்பால் கொடுக்கலாம். 302 குழந்தைகள் பங்கேற்ற ஐந்து ஆய்வுகளைத் தொகுத்து, 2017இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இச்சிகிச்சை தாயின் காம்பு வலியைக் குறுகிய காலத்துக்குக் குறைக்கிறது. ஆனால் குழந்தை பால் குடிக்கும் திறன் எல்லா ஆய்வுகளிலும் ஒரே சீராக மேம்படவில்லை. லேசர் முறை கத்தரிக்கோலைவிடச் சிறந்தது என்பதற்குப் போதிய சான்று இல்லை.

இரத்தக்கசிவு, தொற்று, உமிழ்நீர் நாளத்தில் காயம், மீண்டும் ஒட்டிக்கொள்ளுதல், வலியால் பால் குடிக்க மறுத்தல் ஆகியவை அரிதாகவேனும் நேரக்கூடும். ஆகவே குழந்தைக்குப் பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா என்பதையும், குடும்பத்தில் எவருக்கேனும் இரத்தம் உறையாத நோய் உண்டா என்பதையும் மருத்துவரிடம் தவறாமல் தெரிவியுங்கள். தாடை மிகச் சிறியதாக உள்ள குழந்தைகளுக்கும் தசைத் தளர்ச்சியுள்ள குழந்தைகளுக்கும் இச்சிகிச்சையால் மூச்சுப்பாதையில் இடர் நேரலாம் என்பதால் தனிக் கவனம் தேவை. வெட்டியபின் காயத்தை நாள்தோறும் விரலால் இழுத்துவிடும் பயிற்சியால் பயன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை. பென்சோகைன் கலந்த மரப்பு மருந்துகளை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தடவக்கூடாது.

உதட்டு ஒட்டு

மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் சவ்வு ஏறத்தாழ எல்லாப் பச்சிளங்குழந்தைகளிடமும் காணப்படும் இயல்பான அமைப்பாகும். குழந்தை வளர வளர அது மேல்நோக்கி நகர்ந்து சிறுத்துத் தோன்றும். பால் குடிப்பதற்காக இதனையோ கன்னத்தின் உட்புறச் சவ்வையோ வெட்டுவதை மருத்துவ வல்லுநர் குழுக்கள் பரிந்துரைப்பதில்லை. முன்பற்களுக்கிடையே இடைவெளி இருப்பினும் அவசரம் வேண்டாம். நிரந்தரக் கோரைப்பற்கள் முளைக்கும்போது பெரும்பாலும் அது தானே குறைந்துவிடும்.

பேச்சு வராமைக்கு இதுதான் காரணமா?

“நாக்கு ஒட்டியிருப்பதால்தான் பேச்சு வரவில்லை” என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியுள்ளது. இதனால் விளையும் தீங்கு பெரிது. நாக்கு ஒட்டு பேச்சைத் தாமதப்படுத்துவதில்லை. சொற்களைப் புரிந்துகொள்வதும் அவற்றைத் தேர்ந்து இணைப்பதும் மூளையின் பணி; நாக்கின் சவ்வு அதற்குத் தடையாகாது. சில குழந்தைகளுக்கு நாக்கின் நுனியை உயர்த்திச் சொல்ல வேண்டிய ஒலிகள் தெளிவின்றி ஒலிக்கலாம். அவர்களுள்ளும் பலர் தாமே ஈடுசெய்து தெளிவாகப் பேசுகின்றனர். ‘ர’, ‘ற’, ‘ழ’ போன்ற ஒலிகள் இயல்பாகவே மற்றவற்றைவிடப் பிந்தித் தெளிவடைகின்றன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஒரு வயதில் மழலை ஒலிகள் இல்லையெனில், ஒன்றரை வயதில் ஒற்றைச் சொல்லும் இல்லையெனில், இரண்டு வயதில் இரு சொற்களை இணைத்துப் பேசவில்லையெனில், முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் சோதனையே. அடுத்து வளர்ச்சி மதிப்பீடு. சவ்வை வெட்டிவிட்டுப் பேச்சு வரும் என்று காத்திருந்தால், செவித்திறன் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் உரிய காலத்தில் கண்டறியும் வாய்ப்பு நழுவிவிடும். இழந்த அந்த மாதங்களை மீட்க இயலாது. தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இச்சோதனைகளைப் பெறலாம். ஒலித் தெளிவின்மை மட்டுமே குறையாயின் பேச்சுப் பயிற்சியாளரின் மதிப்பீட்டுக்குப் பின்னரே அறுவையைப் பற்றி எண்ண வேண்டும்.

பேச்சுத் தெளிவடையும் எனக் கருதிப் பச்சிளங்குழந்தையின் நாக்கில் வசம்பு உரசித் தடவுவதையும் தேன் வைப்பதையும் தவிருங்கள். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதுமானது. ஒரு வயதுக்கு முன் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்னும் கடும் நச்சுநோய் உண்டாகலாம். வீட்டிலேயே நகத்தாலோ பிளேடாலோ சவ்வைக் கிழிக்க ஒருபோதும் முயலாதீர்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• என் குழந்தையின் எந்த இடர்ப்பாட்டுக்காக இச்சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது?
• அதே இடர்ப்பாட்டுக்கு வேறு காரணம் இருக்கக்கூடுமா?
• பாலூட்டும் நிலையைத் திருத்தி, ஒரு சில நாள்கள் காத்திருந்து பார்க்கலாமா?
• சிகிச்சைக்குப் பின்னும் இடர்ப்பாடு நீடித்தால் அடுத்து என்ன செய்வது?

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

குழந்தை பால் குடிக்க எழாமல் சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் மிகவும் குறைந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, மஞ்சள் நிறம் கை, கால் வரை பரவினாலோ, வெட்டிய இடத்தில் இரத்தம் நிற்காமல் கசிந்தாலோ தாமதிக்காதீர்கள்.

பாலூட்டும்போது வலிப்பதும் பால் போதவில்லை என்று அஞ்சுவதும் தாயின் குறையல்ல. வலியை அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. முதல் வாரத்திலேயே கிராம சுகாதாரச் செவிலியரையோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள்.

இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொது அறிதலுக்கானவை. உங்கள் குழந்தைக்கு உரிய முடிவைக் குழந்தைநல மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்குப் பின்னரே எடுக்கவும்.