புல்வெளியில் மரம் நடாதீர்கள்

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் நெருங்கினால் மரக்கன்றுகளோடு நீலகிரி ஏறி வருகிறார்கள். நல்ல மனதோடுதான் வருகிறார்கள். இங்கே தாவரவியல் ஆசிரியராக இருப்பதால் என்னை இடம் காட்டச் சொல்வார்கள். “அந்தச் சரிவு சும்மாதானே சார் கிடக்கு?” என்று அவர்கள் கை நீட்டுவது பெரும்பாலும் புல்வெளியை நோக்கித்தான்.

அது சும்மா கிடக்கும் நிலமல்ல. மழை விட்டதும் அங்கே மண்டியிட்டுப் பாருங்கள். பல வகைப் புற்களுக்கு நடுவே தரை ஆர்க்கிட் பூத்திருக்கும். ஈரம் தங்கிய இடத்தில், ஒட்டும் இலையால் பூச்சியைப் பிடித்துத் தின்னும் டிரோசெரா இருக்கும். பள்ளத்துச் சதுப்பில் வளரும் ஒரு புல்தான் தோடர் கோயில்களுக்குக் கூரை. 2018-ல் பூத்த குறிஞ்சி, 2030-ல் மறுபடி பூக்க அதே சரிவில் காத்திருக்கிறது. மலை மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. அதன் ஓரத்தில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசுக்கு அடுத்த உறவு இமயமலையிலும் இலங்கை மலைகளிலும்தான் உண்டு. பனிக்காலத்து உறைபனி புல்வெளியில் சோலைக் கன்றுகளைக் கருக்கிவிடும். மரம் மடிப்போடு நிற்பதற்கு அது முக்கியக் காரணம். யாரும் வெட்டி அழித்ததால் உண்டான வெளி அல்ல இது.

இதைத் தரிசு என்று எழுதிவைத்தது ஆங்கிலேயர் காலத்து வருவாய்க் கணக்கு. 1843-ல் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வந்தது. பின்னர் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை (வாட்டில்) மரம். விடுதலைக்குப் பிறகும் நாம் நிறுத்தவில்லை. நீலகிரியின் கிளன்மார்கனில் ஆய்வாளர்கள் அருகருகே இருந்த இரண்டு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டார்கள். ஒன்றில் புல்வெளியின் ஒரு பகுதியில் கற்பூர மரம் வளர்த்தார்கள். முதல் பத்தாண்டிலேயே அங்கிருந்து வடியும் நீர் 16 சதவீதம் குறைந்தது. இந்தப் புல்வெளிகளின் நீரைச் சுமக்கும் பைக்காரா ஆறு, மோயாறாகிப் பவானிசாகர் அணைக்குத்தான் போகிறது. ஈரோட்டு வயலுக்கும் இந்தப் புல்லுக்கும் சம்பந்தம் உண்டு.

வரையாட்டைக் காக்க முக்கூர்த்தி 1982-ல் சரணாலயமாகவும் 1990-ல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. சுமார் 78 சதுர கிலோமீட்டர். அந்த எல்லைக்கோடு வேட்டைக்காரரைத் தடுத்தது, விதையைத் தடுக்கவில்லை. உள்ளேயே சீகை நிற்கிறது. மஞ்சளாகப் பூக்கும் ஸ்காட்ச் புரூம் புதர் புல்லை மூடுகிறது. சுற்றுலா வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அயல் மரங்களை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. 2022-ல் மாநில அரசும் இதற்கொரு கொள்கை வகுத்தது. இரண்டையும் மனமார வரவேற்கிறேன். ஆனால் மரத்தை வெட்டி லாரியில் ஏற்றியதோடு வேலை முடிந்ததாகக் கணக்கை மூடுவது பெரிய தவறு. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும், தீப்பட்டால் இன்னும் வேகமாக, நாற்று நாற்றாகக் கிளம்பும். ஒவ்வொரு வருடமும் கையால் பிடுங்க ஆள் வேண்டும். பிடுங்கிய இடத்தில் நட உள்ளூர்ப் புல் நாற்று வேண்டும். சீகையின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழுந்திருக்கும் இடங்களும் உண்டு. அங்கே அவசரப்பட்டு இயந்திரத்தை இறக்கக் கூடாது.

வனத்துறையிடம் நான் கேட்பது இது: மரக்கன்று எண்ணிக்கையை இலக்காக வைக்கும் எந்தத் திட்டமும் இந்தச் சரிவுகளுக்கு வர வேண்டாம். அந்தப் பணத்தில் புல் நாற்றங்கால் போடுங்கள். எந்தப் புல் எங்கே வளரும் என்று தெரிந்த தோடர், இருளர், படுகர் குடும்பங்களுக்கு அங்கே வருடம் முழுவதும் கூலி கொடுங்கள். ஒரு சரிவில் சீகையை வெட்ட ஒப்பந்தம் போடும் அன்றே, அடுத்த பத்து வருடக் களையெடுப்புக்கும் பணம் ஒதுக்குங்கள்.