யார் எடுத்த படம்?

2005 அக்டோபரில் ஜப்பானின் கோடான்ஷா பதிப்பகம் யூகி சுயெத்சுகு என்ற மங்கா ஓவியரின் புத்தகங்கள் அத்தனைக்கும் விற்பனையை நிறுத்தியது. பத்திரிகையில் ஓடிக்கொண்டிருந்த அவருடைய தொடரும் பாதியில் நின்றது. அதற்கு முந்தைய தொடரான 'ஏடன் நோ ஹனா'வில் வரும் கூடைப்பந்துக் காட்சிகள், தகேஹிகோ இனோவேயின் 'ஸ்லாம் டங்க்' பக்கங்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்று வாசகர்கள் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியிருந்தார்கள். சுயெத்சுகு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். 2007 இறுதியில் 'சிஹாயாஃபுரு' தொடரைத் தொடங்கினார். அது கருதா என்ற சீட்டு விளையாட்டைப் பற்றியது. பாய்மேல் குனிந்து உட்கார்ந்திருப்பவர், கவிதையின் முதல் அசைகள் காதில் விழுந்ததும் கையை வீசிச் சீட்டைத் தட்டிவிட வேண்டும். அந்தத் தோளின் திருப்பத்தையும் விரல் நுனியின் வேகத்தையும் வேறொருவர் வரைந்த பக்கங்களில் தேடினால் அதிகம் கிடைக்காது. 2009-இல் மங்கா தாய்ஷோ விருது, 2011-இல் கோடான்ஷாவின் விருது, 2022-இல் ஐம்பது தொகுதிகளோடு நிறைவு. தண்டித்த பதிப்பகமே விருதும் கொடுத்தது.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சுயெத்சுகுவைப் பிடித்தவர்கள் அதோடு நிற்காமல், 'ஸ்லாம் டங்க்' காட்சிகளையும் என்.பி.ஏ. ஆட்டக்காரர்களின் புகைப்படங்களோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர்தான் சூட்டப்பட்டது: ட்ரேஸிங். நம் தொழிலில் இதைப் பற்றிய பேச்சு முன்னேறாமல் இருப்பதற்கு அந்த ஒரே பெயர்தான் காரணம் என்பது எங்கள் கருத்து. லைட் பாக்ஸ் போட்டாரா இல்லையா என்று கேட்கிறோம். கேட்க வேண்டியது, கீழே இருந்த படம் யாருடையது என்பது.

புகைப்படம் பார்த்து வரைவது இழுக்கு என்று நினைக்கும் இளம் ஓவியர்கள் இன்னும் இருக்கிறார்கள். முத்து காமிக்ஸில் ரிப் கெர்பியையும் காரிகனையும் படித்து வளர்ந்தவர்கள் அந்தப் பக்கங்களை மறுபடி எடுத்துப் பார்க்கட்டும். காரிகனை வரைந்த ஆல் வில்லியம்சன் தானே கோட்டும் துப்பாக்கியுமாக கேமரா முன் நின்று, அந்தப் படங்களைப் பார்த்து வரைந்தவர். 'ஜூலியட் ஜோன்ஸ்' தொடரின் ஸ்டான் டிரேக் போலராய்டு கேமராவைத் தூரிகைக்குச் சமமான கருவியாகவே வைத்திருந்தார். அலெக்ஸ் ராஸ் இன்றும் தெரிந்தவர்களை நிற்கவைத்துப் படமெடுத்துத்தான் வரைகிறார். 'கிங்டம் கம்' கதையில் வரும் பாதிரியாருக்கு முகம் கொடுத்தவர் பாதிரியாரான அவருடைய அப்பாவே. இவர்கள் யாரும் யாரிடமிருந்தும் எதையும் எடுக்கவில்லை. கோணம், ஒளி, உடுப்பின் மடிப்பு எல்லாம் அவர்களே தீர்மானித்தவை. கேமரா அதைப் பதிந்து வைத்தது, அவ்வளவுதான்.

அடுத்தவர் எடுத்த படத்தை அடியில் வைக்கும்போது முதலில் அடிவாங்குவது நம் பக்கம்தான். இதை நம்மைத் தவிர வேறு யாரும் கவனித்துச் சொல்லமாட்டார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம். மைக் பிடித்துப் பாடுகிற ஒருவரின் படத்தை எடுத்து, மைக்கை வாளாக மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கோடு சுத்தமாக விழும். அளவும் சரியாக இருக்கும். ஆனால் அந்த விரல்கள் கனமில்லாத ஒன்றைப் பிடித்திருக்கின்றன. மணிக்கட்டில் இறுக்கம் இல்லை, முன்கை நரம்பு எழவில்லை, தோள் தளர்ந்து கிடக்கிறது, எடை முன்காலுக்கு வரவில்லை. வாசகனுக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது. சண்டை நம்பும்படி இல்லை என்று மட்டும் தோன்றும். அதே பேனலில் எதிரியை இன்னொரு புகைப்படத்திலிருந்து எடுத்தால் இருவரின் பார்வையும் சந்திக்காது. ஒருவர் மார்பு உயரத்தில் வைத்த கேமராவுக்கு நின்றவர், மற்றவர் தரையிலிருந்து எடுக்கப்பட்டவர். ஒரே அறையில் இரண்டு அடிவானம். போன் கேமராவில் கிட்டத்தில் எடுத்த முகமென்றால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடியிருக்கும். அதைத் திருத்தாமல் கோடிழுத்தால் அது முகத்தின் சாயல் ஆகாது, லென்ஸின் சாயல்தான். சொந்தமாகப் படமெடுப்பவருக்கும் இந்தச் சிக்கல்கள் வரும். ஆனால் அவர் நண்பரின் கையில் ஒரு இரும்புக் குழாயைக் கொடுத்து மறுபடி நிற்கச் சொல்ல முடியும்.

அடுத்து, அந்தப் புகைப்படக்காரர். ராய் லிக்டென்ஸ்டைனின் 'வாம்!' ஓவியத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் காமிக்ஸ்காரர்கள் இன்றும் கொதிக்கிறோம். கொதிப்பதும் நியாயம்தான். 1962-இல் ஒரு போர் காமிக்ஸில் இர்வ் நோவிக் வரைந்த பேனல் அடுத்த ஆண்டே பெரிய கேன்வாஸ் ஆகி, 1966-இல் லண்டன் டேட் அருங்காட்சியகத்துக்குப் போனது. லிக்டென்ஸ்டைனால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்பதைக் காமிக்ஸ் ஓவியர் ரஸ் ஹீத் தள்ளாத வயதில் ஒரு பக்கக் காமிக்ஸாகவே வரைந்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கண்கலங்குகிற நாம், இணையத்தில் கிடைத்த ஒரு புகைப்படத்தைப் பெயர்கூடப் பார்க்காமல் இறக்கி, அதன்மேல் கோடிழுக்கிறோம். அந்தப் படத்தை எடுத்தவரும் வெயிலில் நின்று, ஒளிக்குக் காத்திருந்து, நூறு படங்களில் ஒன்றைத் தேர்ந்தவர்தான்.

சட்டமும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. பாடகர் பிரின்ஸை 1981-இல் லின் கோல்ட்ஸ்மித் எடுத்த படத்தை, 1984-இல் ஒரே ஒரு முறை பயன்படுத்த 400 டாலர் கொடுத்து ஒரு பத்திரிகை வாங்கியது. அதைப் பார்த்து வரைந்த ஆண்டி வார்ஹால் மேலும் பல படங்கள் செய்துகொண்டார். 2016-இல் அவற்றில் ஒன்று ஒரு இதழின் அட்டையில் வந்தபோது கோல்ட்ஸ்மித்துக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. படத்தில் இருப்பவருக்கும் ஒரு நியாயம் உண்டு. 1990-இல் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' அட்டையில் வந்த பெண்ணின் முகம், கிறித்தவப் பாடகி ஏமி கிராண்டின் இசைத்தட்டு அட்டையில் இருந்தது. மந்திர தந்திரக் கதையோடு அவருக்குத் தொடர்பிருப்பதுபோல் தோன்றுகிறது என்று அவர் தரப்பு மார்வெல்மேல் வழக்குப் போட்டது. வழக்கு சமரசத்தில் முடிந்தது.

குற்றம் சாட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு படத்தின்மேல் இன்னொன்றை வைத்து, ஓரம் பொருந்துகிறது என்பதற்காக ஒருவரின் பெயரைக் கெடுத்துவிடாதீர்கள். நின்று டீ குடிப்பவரைப் பக்கவாட்டில் வரைந்தால் அது பத்துப் புகைப்படங்களோடாவது ஒத்துப்போகும். டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2018-இல் இப்படி ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. காபி குடிப்பவரின் புகைப்படம் ஒன்றைப் பார்த்து, ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் யாரோ சிறிதாகக் கோட்டோவியம் வரைந்திருந்தார். புகைப்படத்துக்கே உரிய ஒளியும் நுணுக்கமும் அந்தக் கோடுகளில் வரவில்லை, எனவே உரிமை மீறல் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. தற்செயலாக அமையவே முடியாத ஒன்று, சட்டை மடிப்பின் வரிசையோ சிதறிய முடியோ ஒரு பிழையோ, அப்படியே வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

டெட்லைன் நெருக்கும்போது இதெல்லாம் நினைவில் நிற்காது என்பது எங்களுக்கும் தெரியும். ஒரு பக்கத்துக்குக் கிடைக்கும் சம்பளத்தில் மாடலுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது என்பதும் தெரியும். அதற்காகப் பதிப்பாசிரியர்களோடு வாதாட வேண்டியிருக்கிறது, வாதாடுவோம். அதற்கிடையில் நம் இதழுக்கு வேலை அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி பக்கங்களோடு ரெஃபரன்ஸ் படங்களையும் தனிக் கோப்பாக அனுப்புங்கள். நீங்கள் எடுத்தவை எவை, விலை கொடுத்து வாங்கியவை எவை, யாரிடம் கேட்டுப் பெற்றவை எவை என்று ஒரு வரி எழுதுங்கள். பெயர் போட வேண்டியவர்களின் பெயரைக் கதைப் பக்கத்திலேயே அச்சிடுவோம். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத படத்தின்மேல் வரைந்த பேனல் இருந்தால், அந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்புவோம். மறுபடி வரைய ஒரு வாரம் கூடுதலாகத் தருகிறோம்.