மலை இறங்கும் காலுக்கு ஏற்ற சப்பாத்து



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பைராம் தோட்டத்தில் எங்கள் அடுத்த வீட்டு அக்காள் ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், மகன் ஆசையாய் வாங்கிக் கொடுத்தது. 390 வெள்ளியாம். இரண்டு வாரம் போட்டுக் கொண்டு கொடிமலை ஏறினேன். ஏறும்போது சுகமாய்த்தான் இருக்கிறது. இறங்கும்போது விரலெல்லாம் நெருப்பாய்க் காந்துகிறது. அவனிடம் சொன்னால் மனசு நொந்து போவான். என்ன கோளாறு என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்."

அக்காளுக்கு வயது 61. பால் வெட்டிய காலும், பின்னாளில் செம்பனை மரத்தடியில் உதிரிப்பழம் பொறுக்கிய காலும் அவை. சர்க்கரை நோய் வந்த பிறகு, "தினமும் நடங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜோர்ஜ் டவுனில் வேலை செய்யும் மகன் வாரா வாரம் தாயைக் காடியில் ஏற்றிக் கொண்டு போய், தாவரவியல் பூங்காவின் பக்கம் தொடங்கும் ஜீப் பாதையில் நடக்க வைக்கிறார். இப்படி ஒரு பிள்ளை கிடைக்க அக்காள் கொடுத்து வைத்தவர்தான். ஆனால் சப்பாத்தைக் கவிழ்த்துப் பார்த்ததுமே சங்கதி விளங்கிவிட்டது.

அடிப்பாகத்தில் பெரிய பெரிய பற்கள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, ஆழமாக இருந்தன. சேற்றுக் காட்டில் ஓடுகிறவர்களுக்காகச் செய்த சப்பாத்து அது. பற்களுக்கு நடுவே இடம் விட்டிருப்பது, ஒட்டிய சேறு அடுத்த அடி வைக்கும்போது தானே உதிர்ந்து விழட்டும் என்பதற்காக. அக்காள் நடப்பதோ ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தார் ரோட்டில்! அங்கே அந்தப் பற்களின் நுனி மட்டுமே தரையைத் தொடும். இரண்டே வாரத்தில் குதிகால் பக்கத்துப் பற்களின் முனை மழுங்கத் தொடங்கிவிட்டது.

எங்கள் தங்கை மகள் ஜப்பானில், ஹொக்கைடோ தீவில் வேலை செய்கிறாள். அங்கே குளிர் காலத்தில் பனிச்சறுக்குதான் பொழுதுபோக்கு. சறுக்குப் பலகை வாங்கக் கடைக்குப் போனவள், "எல்லா மலைக்கும் ஆகிற மாதிரி ஒன்று கொடுங்கள்" என்றாளாம். கடைக்காரர் உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. "பத்து நாள் சறுக்கினால் எத்தனை நாள் இயந்திரம் வைத்துச் சமன்படுத்திய சரிவில்? எத்தனை நாள் புதுப்பனி குவிந்த காட்டுப் பக்கத்தில்?" என்று கேட்டாராம். புதுப்பனியில் புதையாமல் மிதக்க, நடுவில் 100 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான பலகை வேண்டும். சமன்படுத்திய சரிவில் அது மந்தமாகத் திரும்பும். அங்கே 80 முதல் 90 மில்லிமீட்டர் வரை உள்ளதுதான் ஓரம் பிடித்துச் சட்டென்று திரும்பும். அவள் "எட்டு நாள் சமன் சரிவில்" என்றதும் 84 மில்லிமீட்டர் பலகையைக் கையில் கொடுத்தாராம். மற்ற இரண்டு நாளையும் அதை வைத்தே சமாளித்துக் கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினாராம்.

அந்தக் கடைக்காரரின் கேள்வியைத்தான் நான் அக்காளிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்தால், நம்மில் மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சமன்படுத்திய வழியில்தான் போகிறோம். கொடிமலை ஜீப் பாதை தார். புக்கிட் மெர்தாஜாமில் செரோக் தோக்குன் மலையிலும் உச்சிக்குப் போகத் தார் ரோடு உண்டு. தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி, அங்கே சப்பாத்துக்கே வேலையில்லை. நிபோங் திபால் பக்கம் புக்கிட் பஞ்சோர் காட்டுக்குள் போகிற நாளில்தான் வேரும் சேறும் காலில் படும். பத்தில் எட்டுப் பங்கு தார், இரண்டு பங்கு மண். இதற்கு வேண்டியது ஆழமில்லாத, நெருக்கமான பல் வைத்த அடியும், குதிகாலுக்கு நல்ல மெத்தையும் உள்ள சப்பாத்து. அதைப் போட்டுக் கொண்டு காட்டுப் பக்கமும் மெதுவாய்ப் போய் வரலாம். மழை பெய்த மறுநாள் மட்டும் போகாதீர்கள்.

"அப்படியென்றால் நம்ம பழைய கித்தா சப்பாத்து என்ன பாவம் செய்தது டீச்சர்?" என்று அக்காள் கேட்டார். நல்ல கேள்விதான். 'அடிடாஸ் கம்போங்' என்று மலாய்க்காரர்கள் வேடிக்கையாகப் பெயர் வைத்த கறுப்பு ரப்பர் சப்பாத்து அது. மரம் வெட்டவும் குலை வெட்டவும் போட்டுத் தேய்த்தது. இப்போது பட்டணத்துப் பிள்ளைகள் காட்டு ஓட்டப் பந்தயத்துக்கு அதையே போடுகிறார்கள். ஈர மண்ணில் அதை மிஞ்ச ஆளில்லை, விலையும் மலிவு. ஆனால் உள்ளே மெத்தை கிடையாது, காற்றுப் போக வழி கிடையாது. தார் ரோட்டில் இறங்கும்போது ஒவ்வொரு அடியும் நேரே முழங்காலில் வந்து இடிக்கும். வியர்வையில் ஊறிய தோலை ரப்பர் உரசிக் கொப்புளமாக்கிவிடும். சர்க்கரை உள்ளவருக்கு அது ஆகவே ஆகாது.

ரப்பர் அடியை மலைக்குக் கொண்டு போன கதையும் துயரமானதுதான். 1935இல் இத்தாலிய மலையேறி வித்தாலே பிரமானி தம் நண்பர்கள் ஆறு பேரை ஆல்ப்ஸ் மலையில் பறிகொடுத்தார். காலில் சரியான சப்பாத்து இல்லாததும் ஒரு காரணம் என்று கருதிய அவர், பிரெல்லி டயர் கம்பெனியின் உதவியோடு பல் வைத்த ரப்பர் அடியை 1937இல் உருவாக்கினார். அந்தக் காலத்தில் உலகிலேயே அதிகமாக ரப்பர் விளைந்தது நம் மலாயாவில்தான். பால் வெட்டியவர்களின் காலில் சப்பாத்து இருந்ததா என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

சரி, விரல் எரிச்சலுக்கு வருவோம். ஏறும்போது பாரம் குதிகால் பக்கம் சாயும். இறங்கும்போது கால் முன்னுக்கு நழுவி, விரல் நுனி சப்பாத்தின் முகப்பில் போய் இடிக்கும். ஆகவே கடையில் சும்மா நின்று பார்த்து வாங்கக் கூடாது. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். மாலையில் போங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். மலைக்குப் போடுகிற காலுறையையே மாட்டிக் கொண்டு போட்டுப் பாருங்கள். கடையில் படிக்கட்டு இருந்தால் நாலு படி இறங்கிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், நடக்கப் போவது நீங்கள். கயிற்றைக் கணுக்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினால் கால் முன்னுக்கு நழுவாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிரிக்காதீர்கள். நல்ல விலை கொடுத்து வாங்கிய ஒரு ஜோடியை, கெட்டுவிடுமே என்று நாலு வருஷம் அலமாரியில் பூட்டி வைத்தவள் நான். பள்ளி விடுமுறையில் அதைப் போட்டுக் கொண்டு ஜீப் பாதையில் பாதி தூரம் ஏறியதும், வலது கால் சப்பாத்தின் அடி ரொட்டித் துண்டு போல் உதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் இடது காலும் அப்படியே. தலையில் கட்டியிருந்த துண்டைக் கிழித்து அடியைச் சேர்த்துக் கட்டிக் கொண்டு இறங்கினேன். பல சப்பாத்துகளின் மெத்தை பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. நம் ஊர் ஈரக் காற்றில் நீராவி அதற்குள் புகுந்து, கட்டுமானத்தையே மெல்ல மெல்ல உடைத்துவிடும். போடாமல் வைத்தாலும் கெடும். ஆகவே மலிவு விற்பனையில் பழைய சரக்கு கிடைத்தால், அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ பொடியோ தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

அக்காளின் காலைப் பார்க்கிறேன் என்றபோது வெட்கப்பட்டுத்தான் காட்டினார். வலது பெருவிரல் நகம் கறுத்திருந்தது. சுண்டு விரலின் ஓரத்தில் வெள்ளிக்காசு அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை! சர்க்கரை நோய் நரம்பின் உணர்ச்சியை இடத்துக்கு இடம் மங்க வைக்கும். ஓரிடத்தில் எரிச்சல் தெரியும், பக்கத்தில் புண் இருப்பது தெரியாது. சிறு புண்ணைக் கவனிக்காமல் விட்டுக் காலையே இழந்தவர்கள் நம் குடும்பங்களில் இல்லையா? மறுநாள் காலையில் அக்காளைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். மருந்து வைத்துக் கட்டி, புண் ஆறும் வரை மலை வேண்டாம் என்றார்கள். தினமும் இரவில் பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்க்கச் சொன்னார்கள். குனிய முடியாததால் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கிறார்.

மகனுக்கு நானே போன் போட்டுப் பக்குவமாய்ச் சொன்னேன். அவர் கோபித்துக் கொள்ளவில்லை. அந்தச் சப்பாத்து மருமகளுக்குப் பொருந்தியது. அவர் காட்டுப் பாதையில் ஓடுகிறவர். அக்காளுக்கு, ஓர் அளவு பெரியதாய், 130 வெள்ளிக்கு வேறு வாங்கியாயிற்று.

புண் ஆறிவிட்டது. வருகிற ஞாயிறு மறுபடியும் கொடிமலை. ஏறுவது காலால், இறங்குவது ரயிலில் என்று தாயும் மகனும் பேசி முடித்திருக்கிறார்கள். 1923இல் கட்டி முடித்த பாதையில், 2011 முதல் புது ரயில் ஓடுகிறது. இறங்க மட்டும் தனியாக டிக்கெட் வாங்கலாம். "அந்தக் காசுக்கு இரண்டு கிலோ மீன் வாங்கலாமே" என்று அக்காள் இன்னும் முணுமுணுத்துக் கொண்டுதான் இருக்கிறார்.