எஞ்சிய கருக்கள்: முன்னரே எடுக்க வேண்டிய முடிவு



2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்காவின் அலபாமா மாநில உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு உலகெங்கும் பேசப்பட்டது. மொபீல் நகர மருத்துவமனை ஒன்றில் உறைநிலையில் வைக்கப்பட்டிருந்த கருக்களை, அத்துமீறி உள்ளே நுழைந்த ஒருவர் 2020-இல் கையிலெடுத்துத் தவறவிட்டார்; அவை அழிந்தன. அக்கருக்களுக்குரிய தம்பதியர் வழக்குத் தொடுத்தனர். உறைந்த கருக்களும் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குழந்தைகளே என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே அம்மாநிலத்தின் சில மருத்துவமனைகள் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையை நிறுத்திவிட்டன. மூன்று வாரங்களுக்குள் சட்டமன்றம் கூடி, மருத்துவர்களுக்குப் பாதுகாப்பளிக்கும் புதிய சட்டத்தை இயற்ற நேர்ந்தது.

கரு என்பது குழந்தையா, உடைமையா என்னும் வினாவிற்கு விடை காண மாட்டாமல் ஒரு மாநிலமே தடுமாறியதை நாம் கண்டோம். இது எங்கோ தொலைவில் நிகழ்ந்த வழக்குதானே என்று நாம் வாளாவிருத்தல் இயலாது. நம் ஊர்களிலும் மகப்பேற்றை நாடிச் சிகிச்சை பெறும் தம்பதியர் பலர் உளர். அவர்களுள் இஸ்லாமியக் குடும்பத்தினரும் உளர். ஆகவே இதனை நாம் அமைதியாகச் சிந்தித்தல் வேண்டும்.

கருக்கள் எஞ்சுவது எவ்வாறு? மருந்துகளின் துணையால் மனைவியின் சினைப்பையிலிருந்து ஒரே முறையில் பல முட்டைகள் எடுக்கப்படுகின்றன. அவை கணவனின் உயிரணுவுடன் இணைக்கப்படுகின்றன. உருவான கருக்களில் ஒன்றோ இரண்டோ கருப்பையில் சேர்க்கப்படும். மற்றவை திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரிக் குளிரில், உறையவைக்கப்படும். முதல் முயற்சி தோற்றால் மனைவி மீண்டும் அத்துணைத் துன்பத்தையும் பொருட்செலவையும் தாங்க வேண்டாம் என்பதே இதன் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் குழந்தை பிறந்து மடியில் தவழத் தொடங்கிய பின், எஞ்சிய கருக்களின் கதி என்ன?

மார்க்க அறிஞர்கள் இவ்வினாவை நெடுநாட்களுக்கு முன்பே எதிர்கொண்டனர். கணவன் மனைவி இருவரின் அணுக்களை மட்டுமே கொண்டு, மணவாழ்வு நிலைத்திருக்கையில் செய்யப்படும் சிகிச்சை ஆகுமானது என எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்த ஷைகு ஜாதுல் ஹக் அவர்கள் 1980-இல் தீர்ப்பளித்தார்கள். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1986-இல் அம்மான் நகரில் கூடி, மூன்றாமவரின் அணுவோ கருப்பையோ இடம்பெறும் முறைகளை விலக்கியது. அதே அகாடமி 1990-இல் ஜித்தாவில் கூடியபோது, எஞ்சிய கருக்களைப் பற்றி மூன்று முடிவுகளைக் கூறியது. முதலாவது: ஒவ்வொரு முறையும் கருப்பையில் சேர்ப்பதற்குத் தேவையான எண்ணிக்கையில் மட்டுமே முட்டைகளைக் கருவுறச் செய்தல் வேண்டும். இரண்டாவது: அதனையும் மீறி எஞ்சினால், மருத்துவப் பராமரிப்பின்றி இயற்கையாக முடிவெய்தும்படி விட்டுவிடலாம். மூன்றாவது: அவற்றை வேறொரு பெண்ணின் கருப்பையில் சேர்த்தல் கூடாது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். முடிவெய்தும்படி விடுவது உயிரைப் போக்குவது ஆகாதா? கருவறையில் மும்முறை நாற்பது நாட்கள் கழிந்த பின்னரே சிசுவிற்கு ரூஹு ஊதப்படுவதாக நபிமொழியின் வாயிலாக அறிகின்றோம். உறையவைக்கப்படும் கருவோ ஐந்தாறு நாட்களே வளர்ந்தது; கருப்பையையும் சேராதது. ஆகவே அதனைப் பிறந்த குழந்தைக்குச் சமமாக அறிஞர்கள் கருதவில்லை. எனினும் அது வெறும் பொருளும் அன்று. கருத்தரிப்பைத் தவிர்ப்பதையும் உருவான கருவைச் சிதைப்பதையும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வேறுபடுத்தி, கரு வளர வளரக் குற்றமும் கடுமையாவதை விளக்கியுள்ளார்கள். இவ்விரு உண்மைகளையும் சேர்த்து நோக்கினால், கருவை அமானிதம் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. அமானிதத்தை விற்க இயலாது, மறந்துவிடவும் இயலாது.

எல்லா அறிஞர்களும் எல்லாவற்றிலும் ஒரே கருத்தினர் அல்லர். மக்காவில் 2003-இல் கூடிய, உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹு சபை, பெற்றோர் மனமுவந்து அளிக்கும் எஞ்சிய கருக்களை, நோய் தீர்க்கும் ஆய்வுக்குப் பயன்படுத்த இடமளித்தது. ஷீஆ அறிஞர்களின் வழிநிற்கும் ஈரான் நாடோ, அதே ஆண்டில், மகப்பேறற்ற தம்பதியருக்குக் கருவைத் தானமளிக்க அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியது. ஸுன்னத் வல் ஜமாஅத் அறிஞர்கள் பெரும்பாலோர் இத்தானத்தை ஏற்கவில்லை. ஒரு குழந்தை தன் தந்தை இன்னார், தாய் இன்னார் என அறியும் உரிமையை, அதன் வமிசத் தூய்மையை, அவர்கள் முதன்மையாகக் கருதுகின்றனர். பிறருக்கு உதவும் எண்ணம் உயர்ந்ததே. ஆயினும் அவ்வெண்ணத்திற்காகப் பிறக்கவிருக்கும் குழந்தையின் உரிமையை விட்டுக்கொடுக்கலாகாது என்பதே அவர்தம் வாதம்.

நம் நாட்டுச் சட்டம் யாது கூறுகின்றது? இந்தியாவில் இனப்பெருக்கத் தொழில்நுட்பத்தை முறைப்படுத்த 2021-இல் இயற்றப்பட்ட சட்டம், கருவைப் பத்தாண்டுகளுக்கு மேல் சேமித்து வைத்தல் கூடாது என்கிறது. அதன் பின்னர், உரிய தம்பதியின் சம்மதத்தோடு அது முடிவெய்தும்படி விடப்படும். அன்றேல் பதிவு பெற்ற ஆய்வு நிறுவனத்திற்கு வழங்கப்படும். எழுத்து மூலமான சம்மதமின்றிக் கருவை உறையவைக்கலாகாது எனவும், மரணமோ செயலிழப்போ நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதிப் பெற வேண்டும் எனவும் அச்சட்டம் விதிக்கின்றது.

அந்தச் சம்மதப் பத்திரமே நம் கட்டுரையின் உயிர்நாடி. ஊசி மருந்துகளின் களைப்பிலும், குழந்தை வேண்டும் என்னும் ஏக்கத்திலும், பலர் அதனைப் படியாமலே கையொப்பமிடுகின்றனர். பின்னர் ஆண்டுதோறும் சேமிப்புக் கட்டணச் சீட்டு வருகின்றது. கணவர் பணத்தைச் செலுத்துகிறார். மனைவி அதனைப் பற்றிப் பேச அஞ்சுகிறார். தம் குழந்தையின் முகத்தைப் பார்க்குந்தோறும், அதனுடன் உருவாகி உறைந்து கிடப்பவை நினைவுக்கு வந்து நெஞ்சை உறுத்துகின்றன. கட்டணம் செலுத்துவது முடிவெடுத்தல் ஆகாது. அது முடிவை ஒத்திப்போடுதலே ஆகும்.

ஒத்திப்போட்டால் பிறர் முடிவெடுப்பர். பிரிட்டனில் அந்நாளைய ஐந்தாண்டுக் காலவரம்பு முடிந்து, உரியவர்களின் சம்மதம் கிடைக்காத ஏறத்தாழ 3,300 கருக்கள் 1996 ஆகஸ்டில் அழிக்கப்பட்டன. அந்நாட்டிலேயே மற்றொரு பெண்மணி, புற்றுநோய்ச் சிகிச்சையில் சினைப்பைகளை இழக்குமுன் ஆறு கருக்களைச் சேமித்தார். பின்னர் துணைவர் பிரிந்து, சம்மதத்தைத் திரும்பப் பெற்றார். அப்பெண்மணியின் வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று 2007-இல் தோல்வியில் முடிந்தது. அவர் நம்பியிருந்த ஒரே வழியும் அடைபட்டது. நம் மார்க்க நோக்கிலும், தலாக்கினாலோ மரணத்தினாலோ மணபந்தம் முடிந்தபின் அக்கருவைப் பயன்படுத்துவதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை.

ஆகவே வாசக அன்பர்களே, ஜித்தா தீர்மானத்தின் முதற்பகுதியே நமக்குச் சிறந்த வழிகாட்டி. முட்டைகளைக் கருவுறாத நிலையிலேயே உறையவைப்பது அந்நாளில் அரிதாயிருந்தது. இன்றோ அது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. 2012-இலேயே அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் அதனைச் சோதனைநிலை முறைகளின் வரிசையிலிருந்து நீக்கியது. கருவுறாத முட்டையைக் கைவிடுவதில் இத்தகைய மனச்சுமை இல்லை. எல்லாத் தம்பதியருக்கும் இது பொருந்தும் எனக் கூறுவதற்கில்லை. மனைவியின் வயதையும், கிடைக்கும் முட்டைகளின் எண்ணிக்கையையும் கணக்கிட்டு மருத்துவரே கூற வேண்டும். ஆயினும் அவ்வினாவை எழுப்பும் பொறுப்பு நம்முடையது.

சிகிச்சை தொடங்குமுன் கணவனும் மனைவியும் தனித்து அமர்ந்து பேசுங்கள். எத்தனை முட்டைகளைக் கருவுறச் செய்வது, எஞ்சினால் எத்தனை ஆண்டு வைத்திருப்பது, நம்மில் ஒருவர் இறந்தால் என்ன செய்வது என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். நம்பத்தக்க ஆலிம் ஒருவரிடமும், மருத்துவரிடமும் கலந்தாலோசியுங்கள். முன்னரே உறையவைத்துவிட்டவர்கள் கலங்க வேண்டாம். இன்றே பேசத் தொடங்குங்கள். விட்டுவிடுவது எனத் தெளிவோடு முடிவெடுத்த தம்பதியரைக் குற்றவாளிகளாகச் சமுதாயம் நோக்குதலும் முறையன்று. அறிஞர்கள் திறந்து வைத்த வழியில் நடப்போருக்கு நம் ஆறுதலே உரியது.

அமானிதங்களைப் பேணுவோராக நம் அனைவரையும் எல்லாம் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக!