தேற்றரவும் காயப்படுத்தலாம்

தியானப் பகுதி: யோபு 2:11-13



யோபைத் தேற்ற வந்த மூன்று சிநேகிதர்கள் முதலில் செய்தது சரியான காரியம். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் வாய் திறந்த பிறகுதான் யோபின் புண்கள் அதிகமாயின. தேற்றுகிறவனாலும் தீங்கு நேரிடலாம் என்பதை வேதம் மறைக்கவில்லை. அதை நான் கற்றுக்கொண்டதோ நாகப்பட்டினத்தில்.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஜனவரியில் திண்டுக்கல்லிலிருந்து அரிசியும் போர்வைகளும் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட குழுவில் நானும் இருந்தேன். இறையியல் கல்லூரியில் ஆலோசனைப் பணி படித்தவன் என்பதால், துயருற்றோரிடம் பேசும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. முகாமில் இரண்டு பிள்ளைகளையும் இழந்த ஒரு தாய் இருந்தார். அந்தக் காலை நடந்ததை முதலிலிருந்து சொல்லும்படி கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்தார். சொன்னால் பாரம் இறங்கும் என்று வற்புறுத்தினேன். அவர் சொன்னார். சொல்லி முடித்தபோது அவருடைய உடல் நடுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவருடைய மாமியார் என்னிடம் வந்தார். “ஐயா, இப்பத்தான் அவ ரெண்டு வாய் கஞ்சி குடிக்க ஆரம்பிச்சா. திரும்பவும் கடலுக்குள்ள தள்ளிட்டீங்களே” என்றார். அன்று மாலை எங்கள் வண்டி ஊர் திரும்பியது. திறந்த புண்ணை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

நான் செய்தது என் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. பேரிடரில் சிக்கியவரை உடனே உட்காரவைத்து, நடந்ததை முழுமையாகச் சொல்லச்செய்யும் முறையை, தீயணைப்பு மற்றும் மீட்புப் பணியாளருக்கென ஜெஃப்ரி மிட்செல் என்னும் அமெரிக்கர் 1983இல் வகுத்தார். அது உலகெங்கும் பரவியது. பின்னர் ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். இங்கிலாந்தில் சாலை விபத்தில் காயமுற்றவர்களுள் ஒரு பகுதியினருக்கு மட்டும் இந்த அமர்வை அளித்து, மூன்று ஆண்டுகள் கழித்து இரு சாராரையும் ஒப்பிட்டார்கள். அமர்வு பெற்றவர்களின் நிலையே மோசமாக இருந்தது. குறிப்பாக, தொடக்கத்தில் மிகுந்த அதிர்ச்சியில் இருந்தவர்களுள் அமர்வு பெறாதவர்கள் தேறியிருந்தார்கள், பெற்றவர்கள் தேறவில்லை. இந்த முடிவு 2000ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. நான் நாகப்பட்டினம் போவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே!

எங்கள் சபையில் பூட்டுத் தொழிலாளி ஒருவர் உண்டு. “சேராத சாவியைப் போட்டு நெம்பினால் உள்ளே நெம்புகோல் வளைந்துவிடும் ஐயா, அப்புறம் சரியான சாவியே வந்தாலும் திறக்காது” என்பார். மனித மனமும் காரணத்தோடுதான் சில வேளை பூட்டிக்கொள்கிறது.

உளசிகிச்சையால் சிலர் முன்னிலும் மோசமாகிறார்கள் என்பதை ஆலன் பெர்கின் என்னும் உளவியலாளர் 1966இலேயே சுட்டிக்காட்டினார். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்வரை அவ்வாறு ஆகக்கூடும் என்பது ஆய்வாளரிடையே பரவலான மதிப்பீடு. இது ஏன் நம் கண்ணுக்குப் படவில்லை? மாத்திரை ஒவ்வாமல் உடல் தடித்தால் மாத்திரையைக் குறை சொல்கிறோம். ஆனால் பேச்சு ஒவ்வாமல் மனம் தளர்ந்தால் நோயாளியைக் குறை சொல்கிறோம். ஆலோசகர் “அவர் ஒத்துழைக்கவில்லை” என்கிறார். போதகர் “விசுவாசம் போதவில்லை” என்கிறார். இரண்டும் ஒரே அநீதி. யோபின் சிநேகிதர்கள் செய்ததும் இதுவே: தங்கள் மருந்து பலிக்காதபோது அவன்மேல் பாவத்தைச் சுமத்தினார்கள்.

அப்படியானால் சிகிச்சையே வேண்டாமா? அப்படிச் சொல்வது அதைவிடப் பெரிய தீங்கு. தகுதியான மருத்துவராலும் உளவியலாளராலும் வாழ்வு திரும்பப் பெற்றவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். ஜெபித்தால் போதும் என்று மருந்தை நிறுத்தச் சொல்ல எந்தப் போதகருக்கும் அதிகாரமில்லை. மருந்துக்கு வல்லமை உண்டு என்பதனாலேயே அதற்குப் பக்கவிளைவும் உண்டு. பேச்சும் அப்படியே.

ஆகவே, ஆலோசகரிடம் செல்கிறவர்கள் தயங்காமல் கேளுங்கள்: உங்கள் பயிற்சி என்ன? மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு உண்டா? இந்தச் சிகிச்சையின் நோக்கம் என்ன? என் நிலை மோசமானால் என்ன செய்வீர்கள்? இக்கேள்விகளுக்குக் கோபப்படுகிறவரிடம் உங்கள் மனதைத் திறக்காதீர்கள். வாரங்கள் கடந்தும் துயரம் கூடிக்கொண்டே போனால், அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், வேறொருவரை நாடுங்கள். அரசின் 14416 என்னும் இலவச எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

உடன் ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. உலகச் சுகாதார நிறுவனமும் வேர்ல்டு விஷன் முதலிய அமைப்புகளும் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று காரியங்களையே கேட்கிறது: பார், கேள், உதவியோடு இணை. கதையைச் சொல்லும்படி எவரையும் நெருக்காதே என்றும் அது எச்சரிக்கிறது.

சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவை வேண்டிய எலியாவை நினைத்துக்கொள்ளுங்கள். தேவன் அவனிடம் உடனே கேள்வி கேட்கவில்லை. உறங்கவிட்டார். அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் உறங்கவிட்டார், மறுபடியும் போஷித்தார். நாற்பது நாள் நடந்து ஓரேபுக்கு வந்து சேர்ந்த பிறகே, இங்கே உனக்கு என்ன காரியம் என்று வினவினார். அந்தத் தாயிடம் நான் முதலில் கேட்டிருக்கவேண்டியது, “கஞ்சி குடித்தீர்களா அம்மா?” என்பதே.

பேச வேண்டிய வேளையையும் அமர்ந்திருக்க வேண்டிய வேளையையும் அறியும் ஞானத்தைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.